மினித்தெல் பக்கங்கள் எங்கே போயின?

நம் புதுச்சேரியில் இணையத்தளம் வடிவமைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. மூன்று பேர், நான்கு பேர், மாடியில் ஓர் அறை, நாலைந்து கணினி. அவர்களுடைய சொந்தத் தளத்துக்குள் போய்ப் பார்த்தால் 'நாங்கள் செய்த பணிகள்' என்று தவறாமல் ஒரு பக்கம் இருக்கும். துணிக்கடை, பள்ளிக்கூடம், தங்கும் விடுதி, மருத்துவமனை, கோயில் கமிட்டி என்று வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். அந்தப் படங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய வேலை என்றால் பெரும்பாலும் திறக்காது. திறந்தாலும் அங்கே வேறு யாரோ எழுதிய வேறு ஏதோ இருக்கும்.

ஒரு கொத்தனார் கட்டிய வீட்டை ஐம்பது வருடம் கழித்தும் தெருவில் நின்று காட்டலாம். ஓர் அச்சகத்தார் அடித்த கல்யாணப் பத்திரிகை யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது கிடக்கும். இந்த இளைஞர்கள் இரவெல்லாம் கண்விழித்துச் செய்த வேலைக்கு மட்டும் சாட்சி இல்லை. இது இணையத்தோடு வந்த வியாதி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. இணையம் வருவதற்கு முன்பே பிரான்ஸ் நாட்டில் இதே கதை பெரிய அளவில் நடந்து முடிந்திருக்கிறது. அந்த வரலாற்றை இன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் பிரான்சோடு உறவு இல்லாத குடும்பம் குறைவு. ஆகவே மினித்தெல் என்ற பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் அக்காவின் கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் சொல்தா. ஓய்வு பெற்றபின் பாரிசுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டார். எண்பதுகளின் கடைசியில் ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது, "மச்சான், நான் ரயிலுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே இடம் பிடித்துவிடுவேன். டெலிபோன் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன்" என்றார். நான் முன்பதிவுப் படிவம் எழுதி, வரிசையில் நின்று, கவுன்டர் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்த காலம் அது. மாமா கொஞ்சம் அளந்து விடுகிறார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

அறுபதுகளில் பிரான்சின் தொலைபேசித் துறை நம் நாட்டுத் துறையைப் போலத்தான் இருந்தது. இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எழுபதுகளில் அரசு பெரும் பணம் போட்டு அந்தக் குறையைத் தீர்த்தது. இணைப்புகள் பெருகியதும் புதிய தலைவலி வந்தது: ஒவ்வொரு வீட்டுக்கும் தடித்தடியாக டைரக்டரி அச்சிட்டுக் கொடுக்க வேண்டும், அது கைக்கு வருவதற்குள் பாதி எண்கள் மாறிவிடும். 1978-ல் சிமோன் நோரா, அலேன் மேங்க் என்ற இரண்டு நிதித்துறை அதிகாரிகள் ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தேனின் வேண்டுகோளின்பேரில் எழுதிய ஓர் அறிக்கை வெளிவந்தது. தொலைபேசியும் கணினியும் சேர்ந்தால் நாடு எப்படி மாறும் என்பது அதன் பொருள். இரண்டும் சேர்ந்ததற்கு 'தெலெமாத்திக்' என்று ஒரு சொல்லையும் உண்டாக்கினார்கள். அரசாங்க அறிக்கை ஒன்று புத்தகக் கடையில் நன்றாக விற்றது என்றால் அது இந்த அறிக்கைதான்.

1980-ல் சேன்-மாலோ என்ற கடற்கரை ஊரில் சில வீடுகளில் மின்னணு டைரக்டரியைச் சோதித்துப் பார்த்தார்கள். 1981-ல் பாரிசுக்கு அருகே வெலிசி பகுதியில் சுமார் 2,500 வீடுகளில் பெரிய சோதனை நடந்தது. 1982 முதல் பொதுமக்களுக்குப் பெட்டிகள் வழங்கப்பட்டன. காகித டைரக்டரிக்குப் பதிலாகப் பெட்டி இலவசம். தொண்ணூறுகளில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் பிரான்ஸ் முழுவதும் இருந்தன. டைரக்டரிக்காக வந்த பெட்டியில் ரயில், வங்கி, கடை, வானிலை, பரீட்சை முடிவு என்று எல்லாம் வந்து சேர்ந்தன. பக்கலொரேயா முடிவைப் பார்க்கப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துப் பலகைக்கு ஓடாமல் இந்தப் பெட்டியைத் தட்டினார்கள்.

இந்தச் சேவைகளை அரசாங்கமே செய்யவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அரசு கம்பியையும் பெட்டியையும் கொடுத்தது. பக்கங்களைத் தனியார் எழுதினார்கள். 1984-ல் 'கியோஸ்க்' என்ற ஏற்பாடு வந்தது. 36 15 என்று டயல் செய்து, சேவையின் பெயரைத் தட்டினால் அந்தச் சேவை திறக்கும். கட்டணம் நிமிடக் கணக்கில் டெலிபோன் பில்லோடு சேர்ந்து வந்துவிடும். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு பிராங்க். அதில் தொலைபேசித் துறை தன் பங்கை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சேவை நடத்துபவருக்குக் கொடுத்தது. கடன் அட்டை வேண்டாம், வசூலுக்கு ஆள் வேண்டாம். அரசாங்கமே வசூல் குமாஸ்தாவாக இருந்தது. இதைவிட வசதி ஒரு சின்ன நிறுவனத்துக்கு என்ன வேண்டும்?

உச்ச காலத்தில் சுமார் 25,000 சேவைகள் இருந்தன. தேசிய ரயில்வே, லா ரெதூத் போன்ற பெரிய தபால்வழி வியாபார நிறுவனங்கள் சொந்த ஆட்களை வைத்துக்கொள்ள முடிந்தது. ஒரு நகராட்சியோ, வட்டாரப் பத்திரிகையோ, விவசாயிகள் கூட்டுறவோ என்ன செய்யும்? வெளியில் வேலையைக் கொடுத்தார்கள். அப்படி வாங்கிச் செய்வதற்கென்றே சிறிய நிறுவனங்கள் முளைத்தன. வாடிக்கையாளரிடம் பேச ஒருவர், நிரல் எழுத ஒருவர், பக்கம் வரைய ஒருவர். இன்று மாடியறையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அவர்கள்தான் முன்னோர்.

அவர்கள் செய்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். மினித்தெல் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்து. மேலே உள்ள தகவல் வரியை விட்டால் 24 வரி. மொத்தம் 960 கட்டம். படம் வேண்டும் என்றால் ஒரு கட்டத்தைக் குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று என்று ஆறு துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். அந்தத் துண்டுகளைக் கோலப் புள்ளி போல நிரப்பித்தான் ஒரு கடையின் சின்னமோ கோபுரமோ வரைய வேண்டும். எட்டு வண்ணம் உண்டு. ஆனால் வீடுகளில் இருந்த பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த எட்டையும் சாம்பல் நிறத்தின் எட்டுச் சாயலாகத்தான் காட்டும். வரைபவர் வண்ணத்தில் யோசிக்க வேண்டும், கறுப்பு வெள்ளையிலும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது வேகம். பெட்டிக்கு வரும் தகவல் வினாடிக்கு 1,200 பிட். ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் வரும் குறிகளோடு 10 பிட் ஆகும். அப்படியானால் வினாடிக்கு 120 எழுத்து. 960 கட்டத்தையும் நிரப்ப எட்டு வினாடி. அதாவது பக்கம் நம் கண்ணெதிரே மேலிருந்து கீழாக எழுதப்பட்டு வரும். எந்த வரி முதலில் வர வேண்டும், பார்ப்பவர் எதற்காகக் காத்திருப்பார், எதற்காகக் காத்திருக்க மாட்டார் என்பதையெல்லாம் யோசித்து அடுக்க வேண்டும். நல்ல வடிவமைப்பாளர் முதல் இரண்டு வினாடிக்குள் கேள்வியைக் காட்டிவிடுவார். அலங்காரம் பிறகு வரும். நிமிடத்துக்குக் காசு என்பதால் அலங்காரத்தை முன்னால் போட்டு நேரத்தை இழுப்பது நடத்துபவருக்கு லாபம். அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுப்பவர்களிலும் இரண்டு வகை உண்டு, உங்களுக்குத் தெரியும். ஒருவர் விஷயத்தை முதல் வரியில் சொல்வார். இன்னொருவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்.

2012 ஜூன் 30 அன்று மினித்தெல் நிறுத்தப்பட்டது. கடைசிவரை அதை விடாமல் வைத்திருந்த முதியவர்களும் விவசாயிகளும் இருந்தார்கள். பெட்டிகளை இன்றும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், பழைய பொருள் சந்தையில் வாங்கலாம். பக்கங்கள்? அந்த 25,000 சேவைகளின் பக்கங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. காரணம் எளிது. மினித்தெல் பெட்டி வெறும் கண்ணாடிதான். அதற்குள் எதுவும் சேமிக்கப்படவில்லை. பக்கங்கள் எல்லாம் நடத்துபவரின் கணினியில், வட்டிலும் நாடாவிலும் இருந்தன. சேவை நின்றதும் அந்தக் கணினி பழைய இரும்புக்குப் போனது. செய்துகொடுத்த நிறுவனம், வாடிக்கையாளரிடம் ஒரு பிரதி இருக்கும் என்று நினைத்தது. வாடிக்கையாளர், செய்தவரிடம் இருக்கும் என்று நினைத்தார். இருவரிடமும் இல்லை. நாற்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு காகிதம் தொலைவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இணையத்தளத்துக்கு வருவோம். அதுவும் பிரான்ஸ் சுவிட்சர்லாந்து எல்லையில், ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான். டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே அமைத்த உலகின் முதல் தளத்தை, 2013-ல் செர்ன் பழைய முகவரியிலேயே திரும்ப வைக்க முயன்றது. தேடிப் பார்த்தபோது செர்னிடம் இருந்த மிகப் பழைய பிரதி 1992-ஆம் ஆண்டினுடையது. பக்கத்தைத் திருத்தும்போதெல்லாம் பழையதன் மேலேயே எழுதிவிட்டார்கள், அதுவரை யாரும் தனியாக எடுத்து வைக்கவில்லை. அதற்கும் முந்தைய 1991-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று அமெரிக்காவில், வட கரோலினா பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் ஜோன்ஸின் பழைய கணினியில் இருந்தது. பெர்னர்ஸ்-லீ அங்கே போனபோது அவரிடம் கொடுத்தது. பிறந்த வீட்டில் இல்லாதது புகுந்த வீட்டில் கிடைத்தது என்று சொல்லலாம்.

இன்னொரு கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1994-ல் பாரிசில் நிக்கோலா பியோஷ் என்ற மாணவர், யாரும் கேட்காமலே, யாரிடமும் காசு வாங்காமலே, ஓவியங்களுக்காக ஒரு தளம் அமைத்தார். பெயர் வெப்லூவ்ர். பார்க்க வந்த கூட்டம் கொஞ்சமல்ல. அந்த வருடமே பரிசும் கிடைத்தது. லூவ்ர் அருங்காட்சியகம், எங்கள் பெயரை நீ எப்படி வைக்கலாம் என்று ஆட்சேபித்தது. அவர் பெயரை வெப்மியூசியம் என்று மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அந்தத் தளம் இன்னும் இருக்கிறது. எப்படி? அன்று இணைய வேகம் குறைவு என்பதால் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதை முழுதாகப் பிரதி எடுத்துத் தங்கள் கணினியிலும் வைத்துக்கொண்டன. அவற்றில் ஒன்றுதான் மேலே சொன்ன அதே வட கரோலினா. ஒப்பந்தம் போட்டு, பணம் கொடுத்துச் செய்த எத்தனையோ தளங்கள் போய்விட்டன. ஒரு மாணவர் சும்மா செய்தது பிழைத்திருக்கிறது. பத்து இடத்தில் பிரதி இருந்ததுதான் காரணம்.

பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிரதியின் அருமை தெரியாததல்ல. 1537 டிசம்பர் 28 அன்று முதலாம் பிரான்சுவா மன்னர் மோன்பெலியே நகரில் ஓர் ஆணை பிறப்பித்தார். ராஜ்ஜியத்தில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியை அரச நூலகத்துக்குக் கொடுக்காமல் விற்கக் கூடாது. 'தெப்போ லெகால்' என்று அதற்குப் பெயர். இன்று நம் நாடு உட்படப் பல நாடுகளில் உள்ள இந்த வழக்கத்துக்கு அதுதான் ஆரம்பம். பிறகு படங்கள், இசைத்தட்டு, சினிமா, வானொலி, தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாக இந்தச் சட்டத்துக்குள் வந்தன. இணையத்துக்கு 2006 ஆகஸ்ட் 1-ஆம் தேதிச் சட்டத்தில்தான் முறை வந்தது. இப்போது பிரெஞ்சுத் தேசிய நூலகம் ஆண்டுதோறும் நாட்டின் தளங்களை இயந்திரத்தால் வலைவீசிப் பிடித்து வைக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் நூலகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அமெரிக்காவில் புரூஸ்டர் கேல் என்பவர் 1996-லேயே இதைத் தனியாகத் தொடங்கிவிட்டார். அவருடைய இணைய ஆவணக் காப்பகத்தில் 2001 முதல் யாரும் வீட்டிலிருந்தே பழைய பக்கங்களைத் தேடலாம். மினித்தெல் பக்கங்களோ நடுவில் விழுந்துவிட்டன. காகிதமும் இல்லை, ஒலிபரப்பும் இல்லை; எந்தச் சட்டத்துக்கும் அவை கண்ணில் படவில்லை.

இதில் நம் ஊருக்கு ஒரு பாடம் இருக்கிறது, அதுவும் பழைய பாடம். 1776 ஜூன் மாதம் பிரெஞ்சு அரசு இன்னொரு ஆணை போட்டது. தூரத்துக் காலனிகளில் கரையானும் ஈரமும் யுத்தமும் காகிதத்தைத் தின்றுவிடும். ஆகவே பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளுக்கும் முக்கியப் பத்திரங்களுக்கும் அங்கேயே ஒரு படி எடுத்துக் கப்பலில் வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். புதுச்சேரிப் பதிவேடுகளும் அப்படிப் போயின. இன்று அந்தப் படிகள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கொள்ளுத் தாத்தாவின் பெயரைத் தேடி அங்கே எழுதிப் போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! இங்கே ஏடு செல்லரித்த இடத்தில் அங்கே எழுத்து முழுதாக இருந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 'கொப்பி கொன்ஃபோர்ம்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்ட ஒரு பழைய குமாஸ்தாவின் புண்ணியம் அது.

இப்போது எங்கள் சங்கத்தின் விஷயத்துக்கு வருகிறேன். 2004 வாக்கில் எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு ஒரு சின்ன நிறுவனத்துப் பிள்ளைகள் தளம் அமைத்துக் கொடுத்தார்கள். நல்ல பிள்ளைகள், பாதிக் கூலிக்குச் செய்தார்கள். உறுப்பினர் பட்டியல், பழைய புகைப்படங்கள், அரசாணைகள் எல்லாம் அதில் இருந்தன. என்னோடு வேலை பார்த்த மூத்த நண்பர் ஒருவர், 1954-ல் கொடி மாறியபோது தான் பள்ளி மாணவனாகக் கண்டதை மூன்று பக்கமாக அதில் எழுதியிருந்தார். சில வருடத்தில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். தளத்தின் முகவரி நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கும் அறிவிப்பு யாருக்கோ போயிற்று, யாரும் கட்டவில்லை. இன்று அந்த முகவரியில் யாரோ கடிகாரம் விற்கிறார்கள்.

நண்பர் காலமான பிறகு அவருடைய மகள் என்னிடம் வந்து, "மாமா, அப்பா எழுதினது உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள். கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்யக் கொடுத்ததோடு சரி; அது திரும்பி வரவில்லை. என் பேரன் மேலே சொன்ன இணைய ஆவணக் காப்பகத்தில் தேடினான். கிடைத்தது, ஆனால் படிக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் தமிழுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தார்கள், யூனிகோடு பரவவில்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற லத்தீன் எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். பேரன் மாற்றிக் கொடுக்கும் நிரல் ஒன்றைக் கண்டுபிடித்து அதில் போட்டான். கொஞ்சம் கொஞ்சமாக நண்பரின் வார்த்தைகள் திரும்பி வந்தன. இரண்டு பக்கம் முழுதாகக் கிடைத்தது. மூன்றாவது பக்கத்தைக் காப்பகத்தின் இயந்திரம் பிடிக்கவே இல்லை. இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இது அப்பா பேசற மாதிரியே இருக்கு" என்றாள்.

இதைப் படிப்பவர்கள் சங்கமோ, பள்ளி முன்னாள் மாணவர் குழுவோ, கோயில் கமிட்டியோ நடத்துபவராக இருந்தால் சில காரியங்களைச் செய்யுங்கள். முகவரியை உங்கள் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். புதுப்பிக்கும் தேதியை வரவு செலவுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வேலை முடிந்து பணம் கொடுக்கும் அன்றே எல்லாக் கோப்புகளையும் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது மாதிரி அதுவும் உங்கள் உரிமை. அந்தப் பிரதி ஒரே வீட்டில் இருக்கக் கூடாது, இரண்டு பேரிடம் இருக்கட்டும். முக்கியமான கட்டுரைகளைக் காகிதத்திலும் அச்செடுத்து வையுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அதைச் சேமித்துக்கொள்ளும். காசு இல்லை, வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள். வடிவமைத்துக் கொடுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: 'நாங்கள் செய்த பணிகள்' பக்கத்தில் படத்தை மட்டும் வைக்காதீர்கள். வேலையையே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நாளைக்கு அது உங்கள் ஊர் சரித்திரம்.

அந்த மூன்றாவது பக்கத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். சங்கத்தின் தளத்தை அந்த நாளில் படித்து, பிடித்துப்போய் யாராவது அச்செடுத்து வைத்திருக்கலாம். பழைய பையில், மருந்துச் சீட்டுகளோடு, டயரிக்கு நடுவில் எங்காவது இருக்கலாம். 1954 நவம்பர் முதல் தேதிக் காலையைப் பற்றிய கட்டுரை அது. இரண்டாம் பக்கம் ஊர்வலம் கடற்கரைக்கு வந்து சேர்வதோடு நிற்கிறது. கிடைத்தால் எனக்குத் தெரிவியுங்கள். நான் வந்து படி எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்.